மூன்று விரல் முன்வளைவு

போன மாதம் ஒரு நாள் காலையில் பிரகாஷ் போன் செய்தான். கூடலூரில் நான் வேலை பார்த்த பெண்கள் விடுதிப் பள்ளியில் இப்போது அவன்தான் தச்சர். நாற்பதைத் தாண்டியவன், நல்ல தாட்டியான ஆள், மரியாதை தெரிந்தவன். பள்ளிக்குப் புது வில்கள் வந்து இறங்கியிருக்கின்றனவாம். எல்லாம் கம்பெனியில் செய்தவை. அவற்றை வைக்க இடம் வேண்டும் என்று பாய்லர் அறையை ஒழித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்கய்யா, பாய்லர் ரூம்புல பழைய வில்லு ஒண்ணு தொங்குதுங்க. கோணிப்போயி முன்பக்கமா வளைஞ்சு கெடக்குது. அடுப்புக்குப் போட்டுரலாங்களா?"

எனக்குப் பக்கென்றது. "நாண் ஏதும் மாட்டினியாப்பா?" என்று கேட்டேன்.

"மாட்டிப் பாக்கலாம்னுதான் இருந்தேனுங்க. வளைஞ்ச பக்கமாவே மாட்டறதுங்களா?"

"அடப்பாவி, அதை அப்படியே இருந்த ஆணியில தொங்கவிடு. ஒரு விரல் அதுல படக்கூடாது. நான் அடுத்த பஸ்ஸுக்கு வர்றேன்."

தேவாலாவிலிருந்து கூடலூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கத்தியது கொஞ்சம் அதிகம் என்று தோன்றியது. பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? நாண் கழற்றிய வில் எந்தப் பக்கம் வளைந்திருக்க வேண்டும் என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்வார்கள். நல்ல வில் ஓய்வில் இருக்கும்போது எய்பவனுக்கு எதிர்த் திசையில், குறி இருக்கும் பக்கமாக வளைந்து நிற்கும். அதை மறுபக்கம் மடக்கித்தான் நாண் ஏற்ற வேண்டும். அந்த முன்வளைவுதான் அதன் பலம். வளைந்த பக்கமே நாணை மாட்டி இழுத்தால் வில் உடைந்து மூஞ்சியில் அடிக்கும். அதைக் கோணல் என்று நினைத்து அடுப்புக்குப் போடப் பார்த்தான் பிரகாஷ். அதில் எங்கள் குடும்பத்தின் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது என்று அவனிடம் சொன்னேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டான். எழுதுகிறேன்.

நான் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். பெயர் செல்லையா. அங்கே தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் நான் தச்சு பாஸ். கைவேலை தெரிந்த ஆளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். தேயிலைப் பெட்டி அடிப்பது, கொழுந்து வாட்டும் தட்டுகளைப் பழுது பார்ப்பது, துரை பங்களாவின் கதவைச் சரிசெய்வது என்று பன்னிரண்டு வருடம் போனது. பிறகு இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் எங்கள் பெயர் வந்து, கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் நாலு மாதம் கிடந்து, கடைசியில் தேவாலா பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லயத்துக் காம்பிராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், வந்து சேர்ந்தோம். நான், மனைவி மாரியாயி, மகள் ராணி. தோட்டத்தில் எனக்குக் கிடைத்தது தச்சு வேலை இல்லை, தேயிலைச் செடியின் கிளையை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. கத்தியைப் பிடித்துக்கொண்டு செடிகளோடு நின்றபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் அச்சில் வராது.

ராணிக்கு எட்டு வயது. முகாமில் கிடந்ததில் அந்த வருடப் படிப்பே போய்விட்டது. இங்கே வந்தபின் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பினால் மழை நாளில் ஓடை பெருகி வழி அடைத்துவிடும். தேவாலா மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருடத்தில் பாதி நாள் பிள்ளை வீட்டில்தான்.

அந்தச் சமயத்தில்தான் கூடலூர் விடுதிப் பள்ளிக்குத் தச்சர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். தலைமையாசிரியை அம்மா தெளிவாகச் சொன்னார். அக்டோபர் வரை தற்காலிகம். வேலை பிடித்திருந்தால் நிரந்தரம். நிரந்தரமானால் பள்ளி வளாகத்துக்குள் இரண்டு அறை வீடு, பணியாளர் பிள்ளை என்ற முறையில் ராணி அங்கேயே படிக்கலாம். இல்லாவிட்டால் திரும்பத் தோட்டம், திரும்பக் கவ்வாத்துக் கத்தி. என்ன வேலை என்று கேட்டேன். மேசை, நாற்காலி, கட்டில் பழுது. "அப்புறம் கோகிலா டீச்சர் ஒண்ணு கேக்கறாங்க, அதையும் செய்யணும்" என்றார்.

கோகிலா டீச்சர் கேட்டது ஆறு வில்.

கோகிலா டீச்சர் விளையாட்டு ஆசிரியை. கோயம்புத்தூர் பக்கம், என்னைவிட நாலைந்து வயது இளையவர். கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ, சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பார். பயிற்சிக் கல்லூரியில் வில் எய்யப் படித்தவர். ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்து அக்டோபரில் கோயம்புத்தூரில் நடக்கும் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவர் எண்ணம். வெளிநாட்டு வில் வாங்கப் பள்ளிக்குக் கட்டாது. எப்போதோ ஒரு தோட்டத் துரை விட்டுப்போன வில் ஒன்று இரண்டாக உடைந்து அவரிடம் இருந்தது. அதைப் பட்டறை மேசையில் வைத்து, "இதப் பிரிச்சுப் பாருங்க, இதே மாதிரி வேணும்" என்றார்.

பிரித்துப் பார்த்தோம். இரண்டு பட்டை. குறியைப் பார்க்கும் பக்கம், அதாவது வில்லின் முதுகு, மூங்கில். எய்பவரைப் பார்க்கும் பக்கம், அதாவது வயிறு, கெட்டி மரம். நடுவில் பசை. இரண்டையும் வளைந்த அச்சில் கட்டி, வளைந்த நிலையிலேயே பசையை இறுக விட்டிருந்தார்கள். முதுகு இழுபடும், வயிறு அமுங்கும். மூங்கிலின் மேல்தோலுக்கு உள்ள அளவு இழுப்பைத் தாங்கும் சக்தி வேறு எந்த மரத்துக்கும் இல்லை. அதனால் அந்தத் தோலில் உளி படக்கூடாது, கணுவின் மேட்டை மட்டும் லேசாகத் தேய்க்கலாம். இவ்வளவும் அந்த உடைந்த வில்லே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

வயிற்றுக்குச் சடச்சி மரம் எடுத்தோம். கூடலூர்ப் பக்கம் கோடாலிக் காம்புக்கு அதைத்தான் போடுவார்கள், என்ன அடித்தாலும் முறியாது. முதுகுக்குப் பெருமூங்கில், மாசியில் வெட்டியது. பசை இரண்டு டின், சம அளவு கலந்து பூச வேண்டும். இறுக்கிக் கட்டக் கவ்வுகள் போதவில்லை. பழைய சைக்கிள் டியூபை நாடாவாக அறுத்து, நுனியிலிருந்து நுனி வரை இழுத்துச் சுற்றினேன். அது எந்தக் கவ்வையும்விட ஒரே சீராக அழுத்தியது. பிறகு சுவரில் ஒரு கட்டையை நட்டு, வில்லை அதில் மாட்டி, கயிற்றால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே கண்ணாடிச் சில்லால் சுரண்டி, வில்லின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுபோல வளையும் வரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு வில்லுக்கு இது மட்டும் இரண்டு நாள்.

முடித்த வில்லை டீச்சர் பார்க்கும் விதம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. பட்டறையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வில்லைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து பார்ப்பார். கட்டைவிரல் நகத்தைப் பசைக் கோட்டின் மேல் முழு நீளத்துக்கும் ஓட்டுவார். பிறகு மூங்கில் முகம் கீழே இருக்கும்படி மேசையில் வைப்பார். முன்வளைவு இருந்தால் இரண்டு நுனியும் மேசையைத் தொடும், நடுவில் கைப்பிடி உயர்ந்து நிற்கும்.

"வாங்க, வெரலக் குடுங்க" என்பார்.

நான் என் வலது கையின் மூன்று விரல்களை அடுக்கிக் கைப்பிடிக்குக் கீழே நுழைக்க வேண்டும். முதல் தடவை, "உங்க விரலை வச்சே பாருங்களேன் டீச்சர்" என்றேன்.

"என்ற வெரலு ஒல்லிங்க. மூணென்ன, நாலு கூடப் போகும். அது ஏமாத்து வேலை. தச்சரு வெரலுதான் கணக்கு."

மூன்று விரல் போனால், "இருக்கட்டும்" என்பார். போகாவிட்டால், "இன்னொருக்கா பாருங்க" என்பார். இந்த இரண்டு சொல்லைத் தவிர மூன்றாவது சொல் அவர் வாயிலிருந்து வராது. நல்லது, சரி, பரவாயில்லை, எதுவும் கிடையாது. எனக்கோ பாராட்டு என்றால் உயிர். துரை பங்களாக் கதவைப் பழுது பார்த்ததற்கே துரை தட்டிக்கொடுத்த ஆள் நான். இந்தம்மாவிடம் ஒரு 'சரி' வாங்காமல் விடுவதில்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

முதல் ஆறு வில்லும் மார்ச்சில் முடிந்தன. மூன்று விரல் தாராளமாகப் போனது. ஜூனில் பள்ளி திறந்தது, மழையும் பிடித்தது, பெண்கள் பயிற்சியை ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் டீச்சர் ஆறு வில்லையும் மேசையில் வரிசையாக வைத்து என்னைக் கூப்பிட்டார். ஒன்றில் ஒரு விரல் போனது. மற்றதில் அதுவும் போகவில்லை. எல்லாம் பலகை மாதிரித் தட்டையாகிவிட்டன.

"காயலீங்க. வெளிய காஞ்சிருக்குது, உள்ளாற பச்சை. இன்னொருக்கா பாருங்க" என்றார்.

உண்மைதான். வெட்டி ஒரு மாதம்கூட ஆகாத மூங்கிலை நான் அவசரப்பட்டு ஒட்டியிருந்தேன். ஆனால் ஜூன் மாதக் கூடலூரில் எதைக் காய வைப்பது? பட்டறையில் உப்பு டப்பாவே தண்ணீராக நிற்கும். அக்டோபருக்கு நாலு மாதம்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழி எங்கள் லயத்து வழி. லயத்தில் எந்தப் பொருள் காய வேண்டுமானாலும் அடுப்புக்கு மேல் பரண்தான். விறகு, மண்வெட்டிக் காம்பு, நனைந்த சாக்கு, கொழுந்துக் கூடை எல்லாம் அங்கேதான் ஏறும். இலங்கையிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

பள்ளிச் சாமானை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். நான் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பார்கள், அக்டோபர் ஓடிவிடும் என்ற பயம். காய்ந்த மூங்கிலில் இழைப்புளி பல்லுப் பல்லாகப் போகும் என்பதால், பட்டைகளை முதலிலேயே கணக்கான கனத்துக்கு இழைத்து முடித்தேன். சாக்கில் சுற்றி விறகு மாதிரி தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்று வாரம் பரணில் இருந்தன. இறக்கியபோது தேன் நிறத்தில் மினுமினுவென்று இருந்தன. தட்டினால் கணீரென்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு அப்படியே பசை பூசி ஒட்டினேன்.

டீச்சர் வந்து பார்த்தார். மூன்று விரலுக்கு மேலேயே போனது.

"எங்கீங்க காய வெச்சீங்க?"

"இங்கதான் டீச்சர், பட்டறையில, கூரைக்கு அடியில" என்று கூசாமல் சொன்னேன்.

அவர் கூரையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வில்களை எடுத்துக்கொண்டு போனார்.

பதினைந்து நாள் கழித்து, மழைக்காக உள்ளே கூடத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சாந்தி என்ற பெண், பத்தாம் வகுப்பு, ஆறு பேரில் அவள்தான் கெட்டிக்காரி. நாணை முழுக்க இழுத்தபோது வில் சடாரென்று திறந்துகொண்டது. மூங்கில் பட்டை மரத்தை விட்டுக் கிளம்பி அவள் புருவத்தில் அடித்தது. நான் ஓடியபோது டீச்சர் அவள் முகத்தைத் தன் முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு ஒன்றும் இல்லை, புருவத்தில் இரண்டு தையல். ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அந்தப் பெண் அழவில்லை.

சாந்தியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, டீச்சர் கூடத்துத் தரையில் கிடந்த மூங்கில் பட்டையை எடுத்தார். பசைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பசை மரத்தில்தான் இருந்தது, மூங்கிலில் ஒட்டவே இல்லை, வழவழவென்று சுத்தமாக இருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்ற ஐந்து வில்லையும் அன்றே பூட்டி வைத்தார்.

மறுநாள் தலைமையாசிரியை அம்மா எங்கள் இருவரையும் வரச்சொன்னார். முதலில் டீச்சர் உள்ளே போனார். நான் கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"தச்சரை அனுப்பிரலாமா?" என்று அம்மா கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

"வில்லப் பாத்து வாங்குனது நானுங்க. புள்ளைக கையில குடுத்ததும் நானுங்க. கேக்கறதுன்னா என்னைக் கேளுங்க. அவருக்கு அக்டோபர் வரைக்கும்னு சொல்லியிருக்கறீங்க, அதுவரைக்கும் இருக்கட்டும்."

வெளியே வந்தவர் என்னைத் தாண்டி மைதானத்துக்குப் போய்விட்டார். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

அடுத்த மூன்று நாளை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. பட்டறைக்குப் போவேன், கட்டில் காலைச் சரிசெய்வேன், பஸ் ஏறுவேன். டீச்சர் வழக்கம்போல அந்த வழியாகப் போவார், வருவார், ஒரு வார்த்தை கேட்கமாட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாரியாயியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பரணுக்குக் கீழ நான் என்ன சாம்பிராணியா போட்டேன்? கருவாடு சுட்டேன், தேங்காயெண்ணெயில தாளிச்சேன். அந்தப் புகை அம்புட்டும் ஒங்க மூங்கில்லதான் ஒட்டியிருக்கு. எண்ணெ மேல பசை நிக்குமா? நீங்கள்லாம் ஒரு பாஸு!"

எனக்குச் சுருக்கென்றது. தேன் நிறம் என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் எண்ணெய்ப் புகை. அதை அப்படியே வைத்து ஒட்டியிருக்கிறேன்.

"நம்ம ஸ்டோருல கொழுந்த வாட்டுனது புகையிலயா? வெறும் சூட்டுக் காத்துலதானே? ஒரு மாடி முச்சூடும் தட்டு அடிச்சுக் குடுத்தது நீங்கதானே, மறந்துபோச்சா?" என்றாள். அவள் அங்கே கொழுந்து வாட்டும் மாடியில் ஏழு வருடம் நின்றவள். நான் தட்டு அடித்தவன்தான், வாட்டத்தின் சூட்சுமம் தெரிந்தவள் அவள். கொழுந்தை ஏற்றும்போது நிறுப்பார்கள், இறக்கும்போது நிறுப்பார்கள். எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்பதை எடைதான் சொல்லும், கண் சொல்லாது. இதை அவள் எனக்கு அன்று திரும்ப எடுத்துச் சொன்னாள்.

நாலாம் நாள் காலை டீச்சர் பட்டறை வாசலைக் கடக்கும்போது கூப்பிட்டேன்.

"டீச்சர், ஒரு விஷயம். மூங்கிலைப் பட்டறையில காய வைக்கல. லயத்துக்குக் கொண்டுபோயி அடுப்பு மேல வச்சேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு அடிபட்டது என்னாலதான்."

அவர் உள்ளே வந்தார். மேசை மேல் இருந்த மரச்சுருளைத் தள்ளிவிட்டு, முதன்முறையாக முக்காலியில் உட்கார்ந்தார்.

"தெரியுமுங்க. நெத்திலிக் கருவாட்டு வாசம். நம்ம பட்டறையில ஆரு கருவாடு சுடறாங்க?"

"அன்னைக்கே தெரிஞ்சதா? அப்ப ஏன் டீச்சர் கேக்கல?"

"கேட்டிருந்தா இன்னொரு பொய் சொல்லியிருப்பீங்க. அப்புறம் அதக் காப்பாத்த மூணாவது. நீங்களே வருவீங்கன்னு இருந்தேனுங்க. நாளைக்கும் வராம இருந்திருந்தா நானே அம்மாகிட்டச் சொல்லியிருப்பேன்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. தாயகம் திரும்பியவர்கள் என்று எங்களுக்கு ஒரு பெயர். திரும்பி வந்த நாளிலிருந்து ஆபீஸ் கவுண்டரில், முகாமில், பஸ்ஸில், யாரும் எங்களை நம்பிப் பழகிப் பார்த்ததில்லை. இந்தம்மா எனக்காக ஒரு வாரம்கூட இல்லை, நாலே நாள்தான் காத்திருந்தார். அந்த நாலு நாளுக்கு நான் பட்ட கடனை வாழ்நாள் முழுக்க வேலை செய்துதான் கழித்தேன்.

"அழுது முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க. எப்படிக் காய வெக்கறது?" என்றார்.

மாரியாயி சொன்னதைச் சொன்னேன். பள்ளியில் பிள்ளைகள் குளிக்க வெந்நீர் போடும் பாய்லர் அறை இருந்தது. பாய்லருக்கு விறகு வெளியிலிருந்து போடுவார்கள், புகை குழாயில் போய்விடும், உள்ளே வெறும் சூடு மட்டும்தான். அதன் பின்சுவரில், ஸ்டோரில் அடித்ததுபோலவே சட்டம் அடித்துக் கம்பி வலைத் தட்டுகள் போட்டேன். மேலே ஒன்று கீழே ஒன்றாகக் காற்றுக்கு இரண்டு திறப்பு. புது மூங்கிலும் சடச்சியும் தட்டில் ஏறின. மூன்று நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு பட்டையையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பட்டையிலேயே பென்சிலால் எழுதுவேன். சமையல்காரர் முதலில் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு அவரே தராசைத் துடைத்து வைக்கத் தொடங்கினார். எடை குறைந்துகொண்டே வந்து, மூன்று முறை தொடர்ந்து ஒரே எடை நின்ற பிறகுதான் இறக்கினேன்.

இழைப்பு அதற்குப் பிறகுதான். காய்ந்த மூங்கில் இழைப்புளியைத் தின்றது. ஒரு பட்டைக்கு மூன்று தடவை தீட்டினேன். ஒட்டும் முகத்தை ரம்பப் பிளேடின் பல்லால் நீளவாக்கில் கீறி, தூசியைத் தட்டி, விரல் படாமல் அதே மணி நேரத்தில் பசை பூசினேன். டியூபைச் சுற்றி, அச்சோடு பாய்லர் சுவரருகே நாலு நாள் வைத்தேன். முன்பு ஒட்டின ஐந்து வில்லையும் டீச்சர் முன்னால் நானே கோடாலியால் பிளந்தேன். ஐந்தில் இரண்டு அடிக்கும் முன்பே பிரிந்துகொண்டன. அவற்றையும் ஏதோ ஒரு பிள்ளை கையில் பிடித்து இழுத்திருக்கும்.

புது வில்கள் தயாரானதும் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வில்லானாலும் முதல் நூறு இழுப்பு என்னுடையது. நானே நாண் ஏற்றி, என் முகத்துக்கு நேரே முழுக்க இழுத்து, மெதுவாக விடுவேன், நூறு தடவை. உடைந்தால் என் புருவம். வேலையை விட்டு ஓய்வு பெறும் வரை இதை ஒரு வில்லுக்கும் நான் தவறவிட்டதில்லை.

சாந்தி தையல் பிரித்து வந்தாள். புருவத்தில் வெள்ளைக் கோடு. நான் நீட்டிய வில்லை வாங்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதும் பிச்சுக்குமாண்ணா?"

"நான் நூறு தடவை இழுத்துப் பார்த்துட்டேன் பிள்ள. உனக்குப் பயமா இருந்தா இன்னும் நூறு இழுக்கிறேன், நின்னு பாரு."

"இழுங்க" என்றாள்.

இழுத்தேன். நூறையும் அவள் வாய்விட்டு எண்ணினாள். எழுபதுக்கு மேல் என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது, டீச்சர் வேறு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் அவளே கை நீட்டி வில்லை வாங்கிக்கொண்டாள்.

கோயம்புத்தூரிலிருந்து கோப்பை ஒன்றும் வரவில்லை. சாந்தி நாலாவதாக வந்தாள், மற்றவர்கள் அதற்கும் பின்னால். ஆனால் ஆறு வில்லும் முழுசாகத் திரும்பி வந்தன. டீச்சர் மேசையில் வரிசையாக வைத்தார், நான் விரலை நுழைத்தேன். ஆறிலும் மூன்று விரல் போனது. "இருக்கட்டும்" என்றார். அந்த மாதக் கடைசியில் என் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறியது. தைப்பொங்கலுக்கு முன்பு பள்ளி வளாகத்து வீட்டுக்குச் சாமானை ஏற்றினோம். அடுத்த ஜூனில் ராணி அங்கேயே வகுப்பில் சேர்ந்தாள். மழை பெய்தாலும் இனி அவளுக்கு வராந்தாவைத் தாண்டினால் பள்ளி. இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என்னைவிட அதிகமாகப் பேசுவாள்.

டீச்சர் இருபது வருடம் அங்கே இருந்தார். நான் அவருக்கு எத்தனையோ வில் செய்தேன். ஒரு 'சரி' மட்டும் கிடைக்கவே இல்லை. பிறகு கோயம்புத்தூருக்கே போய்விட்டார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனில் பேசிக்கொள்வோம்.

போன மாதம் பள்ளிக்குப் போய் இறங்கியதும் நேராகப் பாய்லர் அறைக்குப் போனேன். பிரகாஷ் சொன்னபடி ஆணியிலேயே விட்டிருந்தான். நான் அடித்த சட்டம் இன்னும் சுவரில் இருக்கிறது. வில்லைப் பார்த்ததும் தெரிந்தது. சாந்தியின் வில். என்னுடைய தட்டுக்குப் பக்கத்தில், அந்தச் சூட்டிலேயே இத்தனை வருடம் தொங்கியிருக்கிறது. பட்டறைக்குக் கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நகத்தைப் பசைக் கோட்டில் ஓட்டினேன், எங்கும் தடுக்கவில்லை. மூங்கில் முகம் கீழே இருக்க மேசையில் வைத்தேன். கைப்பிடி எழும்பி நின்றது.

விரலை அடுக்கி நுழைத்தேன். இரண்டு விரல் போனது. மூன்றாவது நுழையவில்லை.

திரும்ப முயன்றேன். நுழையவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்துப் பிரகாஷ் பயந்துவிட்டான்.

"என்னங்கய்யா ஆச்சு?"

"தளர்ந்துபோச்சுப்பா. மூணு விரல் இருக்கணும்."

அவன் என் கையையே பார்த்தான். "ஏனுங்கய்யா, உங்க வெரலு முட்டி முட்டியா வீங்கியில்ல இருக்குது. நான் வெச்சுப் பாக்கட்டுங்களா?"

பார்த்தேன். வாதம் வந்து பத்து வருடமாகிறது. ஒவ்வொரு மூட்டும் கொட்டைப் பாக்கு அளவுக்கு இருக்கிறது. அதை மறந்தே போய்விட்டேன். பிரகாஷ் தன் கனத்த மூன்று விரலை அடுக்கி நுழைத்தான். பிடிப்பாக, சரியாகப் போய் நின்றது.

அங்கிருந்தே டீச்சருக்குப் போன் போட்டேன். குரல் நடுங்குகிறது, ஆனால் அதே மிடுக்கு.

"டீச்சர், சாந்தியோட வில்லு கிடைச்சிருக்கு. இன்னைக்கும் மூணு விரல் போகுது."

"ஆரு வெரலுங்க?" என்றார் உடனே.

நான் கொஞ்சம் தயங்கினேன். என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். கோயம்புத்தூரிலிருந்து வந்து யார் பார்க்கப் போகிறார்கள்?

"என் விரல் இல்ல டீச்சர். என்னுது வீங்கிப்போச்சு, ரெண்டுதான் போகுது. இங்க இப்ப இருக்கிற தச்சர் பிரகாஷ் விரல் வச்சுப் பார்த்தோம்."

"தச்சரு வெரலுதானுங்களே? அப்பச் செரிங்க" என்றார்.